முதல் கூப்பாட்டுக்கு வந்த குரல்

மேட்டூர் அணை நூற்றிருபது அடியில் நிரம்பிவிடும். மருதையன் நிரம்பியதாகச் சரித்திரமே கிடையாது. காவிரிக்குக் குறுக்கே கல்லைப் போட்ட ராஜாவுக்குத் தண்ணீரைத் தடுக்கத்தான் தெரியும். அறுபத்திரண்டு வயதில் ஐந்து மணி நேரம் அதை அடக்கிக்கொண்டு, பஸ்ஸிலும் கோர்ட்டு வராந்தாவிலும் சிரித்த முகமாக உட்காரத் தெரியாது. மருதையன் ஒன்றுக்குப் போக எழுந்தால் நான்கு தாலுகாவில் வாய்தா தள்ளிப்போகும். அவர் திரும்பி வருவதற்குள் ஒரு கட்சி ஆட்சி கவிழ்ந்து, அடுத்த கட்சி வந்து, அதுவும் பாதிக் காலத்தை ஓட்டியிருக்கும்.

இத்தனை பெருமைக்கும் காரணம் கொட்டைப்பாக்கு அளவில் இருக்க வேண்டிய ஒரு சுரப்பி. டாக்டர்கள் அதைப் புராஸ்டேட் என்கிறார்கள். மருதையனுக்கு அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, ராத்திரியில் ஐந்து முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்பது. பகலில் வரப்போரம் நின்றால், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாக வரும். முடிந்தது என்று வேட்டியை இறக்கினால், பாக்கி இருக்கிறது என்று கூப்பிடும்.

அவர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் ஒன்பது மா நிலம். மூன்று ஏக்கர். அறுபத்தொன்பதில் குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தபோது அவர் பெயரில் ஏறியது. நிலத்தின் சொந்தக்காரர் சாரங்கபாணி டவுனில் இருந்தார். சுற்றியுள்ள வயல்களை விற்றாகிவிட்டது. வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசையாக நின்றன. நடுவில் மருதையனின் ஒன்பது மா மட்டும் வயலாக மிஞ்சியிருந்தது. சாரங்கபாணி குத்தகைக் கோர்ட்டில் ஒரு மனுவைப் போட்டார். மருதையன் உடம்பு முடியாமல் கிடக்கிறார், நிலத்தை வேறு யாருக்கோ உள்குத்தகைக்கு விட்டுவிட்டார், பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மனு சொன்னது.

மருதையனின் வக்கீல் இரண்டே விஷயம் சொன்னார்.

"ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க. ஒரு சீட்டு அவங்க கையில கெடைச்சாப் போதும், சீக்காளி எப்படி வெவசாயம் பண்ணுவான்னு ஆரம்பிச்சுருவாங்க. ரெண்டாவது, கோர்ட்டுல பேரு கூப்பிடுறப்ப ஆளு இருக்கணும். இல்லேன்னா ஆள் வரலைன்னு எழுதி ஒரே நாள்ல கதையை முடிச்சுருவாங்க."

நோய் வெளியே தெரியக்கூடாது. கூப்பிடும்போது அங்கே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே உடம்புக்குள் நடக்காத காரியம்.

அதனால் மருதையன் பஸ் ஏறி முத்துப்பேட்டைக்குப் போனார். அங்கே அப்துல் மஜீது வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். மகன் துபாயிலிருந்து அனுப்புகிற சென்ட்டு, கோடாலித் தைலம், பால்பவுடர் எல்லாம் கிடைக்கும்.

"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு வேணும் பாய்," என்றார் மருதையன்.

"தெரிஞ்சவரு ராவுல எத்தனை தடவை எந்திரிக்கிறாரு?"

"அஞ்சு."

"நிக்கிறப்ப கால் மாத்தி மாத்தி நிப்பாரா, இப்ப நீங்க நிக்கிற மாதிரி?"

மருதையன் காலை மாற்றாமல் நின்று பார்த்தார். முடியவில்லை. மஜீது சிரிக்காமல் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"இது மருந்து இல்ல மருதையண்ணே, சத்து. அமெரிக்காவுல சதுப்புக்குள்ள மொளைக்கிற குட்டைப் பனையாம். நம்ம அலையாத்திக் காடு மாதிரி எடம்னு வச்சுக்கங்க. ஆள் ஒசரத்துக்கு மேல வளராதாம். அதோட பழச்சாறு, பூசணி வெதை எண்ணெ, கொஞ்சம் துத்தநாகம். எங்க மாமா சாப்புடுறாரு."

"கொணமாயிருச்சா?"

"தேவலைன்றாரு. எதுக்கும் ஒரு டாக்டர்ட்ட காட்டிருங்க."

"அதுக்குப் பயந்துதானே பாய் இங்க வந்தேன்."

வீட்டுக்கு வந்து மாத்திரையை வெயிலில் தூக்கிப் பார்த்தார். கருஞ்சிவப்பு. உள்ளே எண்ணெய் மெல்ல நகர்ந்தது, உறங்குகிறவன் இமைக்குள் கண்ணை உருட்டுகிற மாதிரி. பாட்டிலின் மேலே அந்தப் பனைகளின் படம். தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு, விரல்களை விரித்தபடி, கூட்டமாக எதற்கோ காத்திருக்கிறவர்களைப் போல இருந்தன.

முதல் வாரம் ராத்திரி ஐந்து மூன்றானது. ஆறாம் நாள் உச்சி வெயிலில், மேட்டூர் இன்னும் திறக்காததால் வெடித்துக் கிடந்த வாய்க்கால் கரையில் மருதையன் நின்றார். வெகுநேரம் கழித்து நீர் வந்தது. வந்தது ஒன்றாக வரவில்லை. இரண்டாகப் பிரிந்து, வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றுமாக விழுந்தது. முடிந்ததும் கீழே பார்த்தார். காய்ந்த மண்ணில் இரண்டு ஈரம், ஒரு முழம் இடைவெளி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டு ஒருவன் மட்டும் போய்விட்ட மாதிரி. மருதையன் தன் நிழலைப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. இருந்தாலும் வீட்டுக்கு நடக்கும்போது வரப்பில் ஓரமாகவே நடந்தார், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு.

அடுத்த வாரம் வாய்தா.

குத்தகைக் கோர்ட்டு ஒரு பழைய ஓட்டு வீட்டில் நடந்தது. வராந்தாவில் நூறு பேர் இருப்பார்கள். எந்தத் தூணுக்குப் பின்னால் யார் என்று உள்ளே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. டவாலி பக்கிரி வாசற்படியில் நின்று ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை கூப்பிடுவார். கூட்டத்திலிருந்து குரல் வந்தால் குமாஸ்தா 'ஆஜர்' என்று எழுதிக்கொள்வார். சாட்சி சொல்லும் நாளில்தான் ஆள் உள்ளே போக வேண்டும். மற்ற நாளில் குரல் போதும்.

மூன்று தடவை கூப்பிடுகிற வழக்கம் மருதையனுக்கு ஒத்துவந்தது. அவர் குடும்பத்தில் யாரும் மூன்றாவது கூப்பாட்டுக்கு முன்னால் வாயைத் திறப்பதில்லை. பேய், பிசாசு மாதிரி ஆகாதவை எல்லாம் இரண்டு தடவைதான் பெயர் சொல்லிக் கூப்பிடும், மூன்றாவது தடவை கூப்பிடுவது மனுஷ வாய்தான் என்பது அவர் அப்பா காத்தானின் தீர்மானம். முதல் கூப்பாட்டுக்கே பதில் சொன்னவன் கூப்பிட்டதோடு போய்விடுவான். பட்டப்பகலில், பக்கத்து வரப்பிலிருந்து கூப்பிட்டாலும் மருதையன் மூன்று தடவை ஆகட்டும் என்று காத்திருப்பார். ஊரில் பாதிப் பேர் அவரைச் செவிடு என்று நினைத்திருந்தார்கள்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு அடக்க முடியாமல் கொல்லைப்புறத் தகரக் கதவுக்குப் பின்னால் போனார். அரை மணி நேரம் ஆகிவிட்டது. வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"அண்ணே, மருதையன்னு கூப்பிட்டாச்சா?"

"கூப்பிட்டாச்சு, ஆஜரும் ஆயாச்சு," என்றார் பக்கிரி. "அடுத்த மாசம் பதினெட்டு. ஏங்க, நீங்கதானே குரல் குடுத்தீங்க."

"நானா?"

"மொதக் கூப்பாட்டுக்கே. இருமிக்கிட்டு."

மருதையனுக்கு ஒரு பீடி இருமல் உண்டு. நெஞ்சுக்குள் பலகை இழுபடுகிற மாதிரி இரண்டு தடவை, பிறகு ஒரு சின்னது. வராந்தாவில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவரைக் கேட்டார். அவரும் கேட்டிருந்தார். சாரங்கபாணி தரப்பின் கேஸ் கட்டைச் சுமந்துவந்து தூணில் சாய்ந்திருந்த பையனைக் கேட்டார். அவன் சாரங்கபாணிக்குத் தங்கை பேரன், பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தவறியவன். நகத்தைக் கடித்தபடி, "ஆமாங்க, நீங்கதான்," என்றான். எதிர்த்தரப்பே சாட்சி சொல்லும்போது என்ன செய்வது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தும் மருதையன் அதைக் காலியாக விட்டு நடைவழிப் பக்கம் உட்கார்ந்தார்.

பத்து நாள் கழித்து, கொல்லைக்கு வந்த அவர் மனைவி அம்சம் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்ப இங்க வந்தீங்க?"

"நாழியாச்சு. ஏன்?"

"இப்ப வாசப்பக்கம் பாத்து, சாப்புட வாங்கன்னேன். ம்னு சொன்னீங்களே."

மருதையன் அவளைத் தாண்டி நடந்தார். வாசலுக்குப் போய்ப் பார்த்தார். நடுப்பகல் வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. படலுக்குப் பக்கத்தில் இரண்டு கோழிகள், வாயைப் பிளந்துகொண்டு, ஒரே திசையைப் பார்த்து நின்றன.

இரண்டாவது வாய்தாவுக்கு எட்டு மணியிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியும் பதினொன்றரைக்கு அது கூப்பிட்டது. தகரக் கதவுக்குப் பின்னால் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பக்கிரியின் குரல் கேட்டது.

"மருதையன்..."

அந்தக் குரல் அடங்குவதற்கு முன்னால் வராந்தாவிலிருந்து பதில் வந்தது. இரண்டு பெரிய இருமல், ஒரு சின்னது. பிறகு மருதையன் தன் குரலைத் தன் காதால் கேட்டார்.

"இருக்கேன் சாமி."

அவர் கை வாயைத் தொட்டுப் பார்த்தது. வாய் மூடியிருந்தது. சுவர் மட்டும் சில்லென்று இருந்தது.

வீடு வந்து சேரும் வரை அந்தக் கடைசி வார்த்தையே ஓடிக்கொண்டிருந்தது. மருதையன் யாரையும் சாமி என்று சொல்வதில்லை. இளவட்டத்தில், டவுனில் நடக்கும் கறுப்புச் சட்டைக்காரர்கள் கூட்டத்துக்குப் போய்வந்த ஒரு நாள் அந்தச் சொல்லை விட்டவர்தான். கலெக்டராக இருந்தாலும் ஐயா, சார், அவ்வளவுதான். இடுப்பில் கட்டிய துண்டும் அன்றைக்குத் தோளுக்கு ஏறியதுதான். சாமி என்று சொன்னவர் அப்பா. சாகும் வரைக்கும் சொன்னார். குத்தகைப் பதிவுக்கு அதிகாரி வந்து நின்ற நாளில்கூட, "இருக்கேன் சாமி" என்று கையைக் கட்டிக்கொண்டுதான் முன்னால் வந்தார்.

அப்பாதான். மருதையனுக்கு அது பட்டவுடன் பயம் பாதி போய்விட்டது. செத்து இருபது வருடமான மனிதர் மகனுக்காகக் கோர்ட்டு வராந்தாவில் வந்து நிற்கிறார். இந்தச் சதுப்புப் பனை எந்தக் கதவைத் திறந்துவிட்டதோ. மருதையன் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார். இரண்டு சாப்பிட்டு நீர் ஒன்றும் கூடுதலாகப் பிரியவில்லை, வயிறுதான் கலங்கியது. ஆனால் நீருக்காக அவர் சாப்பிடவில்லை.

அவர் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை அம்சம் அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துவிட்டாள். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னார். நோய், கோர்ட்டு, குரல், அப்பா. அவள் முழுதும் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

"கேஸ் முடியட்டும். அதான் அப்பா நிக்கிறாருல்ல."

அம்சம் பாட்டிலை மூடி வைத்தாள். "மாமா மூணாம் கூப்பாட்டுக்கு முன்னால என்னைக்காவது வாயத் தொறந்திருக்காரா?"

மருதையனுக்கு முதுகில் எறும்பு ஏறியது. இரண்டு தடவையும் பதில் வந்தது முதல் கூப்பாட்டுக்கு. அப்பா அதைச் செய்யவே மாட்டார். அப்படியென்றால் அப்பாவின் வார்த்தையை வைத்துக்கொண்டு, தன் இருமலை வைத்துக்கொண்டு, கூப்பிட்ட மாத்திரத்தில் போக ஆசைப்படுகிற ஒன்று அங்கே நிற்கிறது.  

மூன்றாவது வாய்தா நவம்பரில். சாட்சி நாள். ஆள் உள்ளே போய்ப் பேச வேண்டிய நாள். மருதையனுக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. அடிவயிறு தவில் மாதிரி விறைத்துக்கொண்டு, வேட்டி பட்டாலே வலித்தது. வக்கீலிடம் சொல்லவில்லை. தகரக் கதவுக்குப் பின்னால் கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருதையன்..."

"இருக்கேன் சாமி."

"உள்ள வாங்க," என்றார் பக்கிரி.

மருதையனுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. குரல் சொல்லிவிட்டது, ஆஜர் எழுதியாகிவிட்டது, இப்போது உள்ளே போக ஆள் இல்லை. ஆள் மாறாட்டம் என்று எழுதினால் இன்றைக்கே நிலம் போயிற்று. இவ்வளவு நாள் காப்பாற்றியதே இப்போது குழி தோண்டிவிட்டது. அவர் ஓடினார். அடிவயிற்றைக் கையால் ஏந்திக்கொண்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினார்.

அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"குரல் முன்பக்கத் தூண்கிட்ட இருந்து வந்துச்சு. நீங்க கொல்லைப் பக்கமா வர்றீங்க."

"குரல் கொஞ்சம் இளசுங்கம்மா, முன்னால ஓடியாந்துருச்சு. ஆளுதான் கெழம்."

குமாஸ்தா சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆனால் எழுதவும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"ஒடம்புக்கு என்ன பண்ணுது உங்களுக்கு? இப்படி வேர்க்குது."

"ஒழைக்கிறவனுக்கு வேர்க்கத்தாங்க செய்யும்."

"நிலத்துல யார் வேலை செய்யுறது?"

"நானும் எம்பொண்டாட்டியும். இந்த வருசம் தண்ணி லேட்டு, நாத்து விட நாள் இல்ல. புழுதியில வெதச்சோம், ஆடுதுறை முப்பத்தெட்டு நெல்லு. வடமேற்கு மூலையில அரை மா களர். அங்க மொளைக்கலை. முந்தாநாள்தான் அடர்த்தியா இருந்த எடத்துல பறிச்சுக் கொண்டாந்து குத்துனேன்."

அந்த அம்மா மேசைக்கு மேலாக எட்டி அவர் பாதங்களைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்த சேற்றுப்புண். இரண்டு பக்கமும் கேள்விகள் முக்கால் மணி நேரம் நடந்தன. மருதையன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னபோது, பழக்கமில்லைங்க என்றார். உட்கார்ந்தால் எழ முடியாது என்பது அவருக்கு மட்டும் தெரியும். கண்ணுக்கு முன்னால் அதிகாரி இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றானார். 'சொந்த உழைப்பில் சாகுபடி செய்துவருவதாகத் தெரிகிறது' என்று அவர் சொல்லச் சொல்ல குமாஸ்தா எழுதிய சத்தம் காதில் விழுந்தது. அதற்குப் பதினைந்தாம் நாள் வந்த உத்தரவிலும் அந்த வரி இருந்தது. பதிவு நிலைத்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர் வராந்தாவில் மூன்று தப்படி நடந்து விழுந்தார். மடியிலிருந்து பாட்டில் உருண்டு போயிற்று.

பெரியாஸ்பத்திரியில் குழாய் வைத்தார்கள். ஒன்றரை லிட்டர் வந்தது என்று நர்ஸ் சொன்னபோது அம்சம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் சின்ன வயதுக்காரர், கோபப்படவில்லை.

"அந்த மாத்திரை பெருசா கெடுதல் பண்ணியிருக்காது. பெருசா நல்லதும் பண்ணியிருக்காது. மொத வாரம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சுன்னா, நம்பிக்கைல அப்படித் தோணும். ஆனா அதை நம்பி நாலு மாசத்தைப் போக்கிட்டீங்க பாருங்க, அதுல கிட்னியே போயிருக்கும். ரத்தம் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கு. வேற மாதிரி கட்டியா இருந்தா இப்பவே தெரியணும்."

"ரெண்டா பிரிஞ்சு போச்சுங்களே தம்பி," என்றார் மருதையன் மெல்ல.

"அது இந்த வியாதியில சகஜம் பெரியவரே."

மருதையன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். இரண்டு ஈரத்துக்கும் சொந்தக்காரர் அவரேதான். அப்படியானால் அந்தக் குரலுக்கு?

மூன்றாம் நாள் காலை அம்சம் டீ வாங்கப் போயிருந்தாள். மருதையன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வார்டு வாசலில் நர்ஸ் ஒரு தாளைப் பார்த்துக் கூப்பிட்டாள். ரத்த ரிசல்ட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஆட்கள்.

"மருதையன்..."

அவர் வழக்கப்படி மூன்றாவதுக்குக் காத்திருந்தார். நர்ஸ் அடுத்த பெயருக்குத் தாளைத் திருப்பினாள்.

தலைமாட்டில், ஒரு முழத் தூரத்தில், இரண்டு பெரிய இருமல் எழுந்தது. ஒரு சின்னது.

"இருக்கேன் சாமி."

மருதையனின் கை போர்வைக்குள்ளிருந்து போய் ஒரு மணிக்கட்டைப் பிடித்தது. சதையும் நாடியும் உள்ள மணிக்கட்டு. பிறகுதான் கண்ணைத் திறந்தார். சாரங்கபாணியின் தங்கை பேரன், இன்னொரு கையில் வராந்தாவில் உருண்டுபோன பாட்டிலுடன் நின்றான். தூங்குகிறார், ரிசல்ட்டு தவறிவிடக்கூடாது என்று அவன் வாய் முந்திக்கொண்டுவிட்டது. கோர்ட்டில் முதல் தடவை விளையாட்டுக்குத்தான். இரண்டாவதும் மூன்றாவதும், தகரக் கதவுப் பக்கம் அவர் போகும்போது முகத்தைப் பார்த்துவிட்டதால். இனி மறைத்து என்ன, இதை எழுதுகிறவன்தான் அவன்.

மருதையன் கையை விடவில்லை.

"கோர்ட்டுல மூணு தடவையும் நீதான்."

"ஆமாங்க."

"எங்க வீட்டு வாசல்ல?"

"இல்லீங்க. உங்க ஊருக்கே நான் வந்ததில்லீங்க."

அவர் வார்டு வாசலைப் பார்த்தார். அங்கே நர்ஸைத் தவிர யாரும் இல்லை. நர்ஸ் இன்னும் தாளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சரி. அது யாரோ எவரோ," என்றார். பிடி மட்டும் இறுகியது. "இதுக்குப் பதில் சொல்லு தம்பி. நான் யாரையும் சாமின்னு சொல்லி நீ கேட்டிருக்க மாட்டே. முப்பது வருசமா ஒருத்தரும் கேட்டதில்ல. உங்க வீட்டுல ஒக்காந்து எங்க ஆளுங்க மாதிரிப் பேசிக் காட்டிச் சிரிப்பீங்களே, அப்ப இப்படித்தான் பேசிக் காட்டுவீங்களா?"